பலகையில் எரியும் நிமிடங்கள்

போன வருடம் ஒரு வியாழக்கிழமை இரவு, பதினொன்றரை இருக்கும், பூன் லே வே ஓரமாக நடந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஜூரோங் வட்டார ரயில் பாதை வேலைக்காகச் சாலையின் ஒரு தடத்தை அடைத்திருந்தார்கள். ஆரஞ்சு நிறக் கூம்புகள், மின்னும் அம்புக்குறி பூட்டிய லாரி, அதற்கு முன்னால் ஒளிரும் கோலை ஆட்டிக்கொண்டு ஒரு மனிதர். வண்டிகள் குறைந்து கொஞ்சம் ஓய்வு கிடைத்தபோது பேச்சுக் கொடுத்தேன். புதுக்கோட்டைப் பக்கமாம். அந்த வாரம் மட்டும் இரவு வேலை, மற்றபடி பகல்தான் என்றார்.

“பகல் வேலைன்னா எத்தனை மணிக்குக் கிளம்புவீங்கண்ணே?”

“அஞ்சே காலுக்கு லாரி, தம்பி. நாலரைக்கு எந்திரிக்கணும்.”

“வேலை எத்தனை மணிக்கு?”

“எட்டு.”

“அவ்ளோ தூரமா?”

சிரித்தார். “தூரமெல்லாம் இல்ல. காலி ரோட்டுல இருபத்தஞ்சு நிமிசம்.”

மீதி நேரம் என்ன ஆகும் என்று கேட்டேன். ஜாம் இருந்தால் ஜாமில் போகும், இல்லாவிட்டால் சைட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்போம் என்றார். அதற்குள் ஒரு டாக்சி வந்தது. கோலை ஆட்டப் போய்விட்டார்.

இருபத்தைந்து நிமிடப் பயணத்துக்கு இரண்டே முக்கால் மணி நேரம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கணக்கு மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. ஏனென்றால் இங்கிருந்து பத்து நிமிடம் போனால் ஆயர் ராஜா விரைவுச்சாலை. அதில் தலைக்கு மேலே ஒரு மின்பலகை, இன்ன இடத்துக்கு இத்தனை நிமிடம் என்று எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் விபத்தா, தடம் மூடியிருக்கிறதா, சாலைப் பணி நடக்கிறதா, எல்லாம் சொல்லும். நிமிடக் கணக்கில் சாலையை அளந்து வைத்திருக்கிற ஊரில் ஒரு மனிதர் இரண்டு மணி நேரத்தை ஏன் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கிறது? இந்தக் கேள்வியோடுதான் பலகைகளின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

*

சாலையில் வருகிறவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று சொல்லும் ஆதிக் கருவி ஒரு ஆள்தான். பகலில் கொடி, இரவில் விளக்கு. அந்த மனிதர் கையில் இருந்த ஒளிரும் கோல் அந்தக் கொடியின் பேரன்.

சிங்கப்பூரில் சாலை வேலைக்கும் நம்மவர்களுக்கும் இருக்கும் உறவு ஏறக்குறைய இந்த நகரத்தின் வயது. 1825இல் பெங்கூலனிலிருந்து இந்தியக் கைதிகளை இங்கே மாற்றினார்கள். சென்னை மாகாணத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் நாடு கடத்தப்பட்டவர்கள். 1873இல் அந்த ஏற்பாடு முடியும்வரை காடு வெட்டுவது, சதுப்பை மேடாக்குவது, சாலை போடுவது என்று ஊரின் அடிப்படை வேலைகளில் பெரும்பகுதி அவர்கள் கையால் நடந்தது. அவர்களுக்குப் பொறுப்பாக இருந்த மெக்நேர் 1899இல் ஒரு புத்தகம் எழுதினார். கைதிகளே கைதிகளுக்குக் காவலர் என்று பொருள்படும் தலைப்பு. எத்தனை கட்டடம், எத்தனை சாலை, எந்தக் கைதிக்கு எந்த வகுப்பு, எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருந்த நிர்வாகம் அது. கணக்கு வைப்பதில் இந்த ஊர் என்றைக்குமே கெட்டிதான்.

ஜூரோங் அந்தக் கணக்குக்குள் வந்தது ரொம்பப் பிந்தி. 1961இல் இங்கே தொழிற்பேட்டை போட முடிவெடுத்து வேலையை ஆரம்பித்தபோது சதுப்பும் இறால் குளங்களும் ரப்பர் தோட்டங்களும்தான் இருந்தன. நிதி அமைச்சர் கோ கெங் சுவீயின் முட்டாள்தனம் என்று இந்தத் திட்டத்துக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. தோற்றிருந்தால் அந்தப் பெயர்தான் நிலைத்திருக்கும். தோற்கவில்லை. 1968இல் ஜூரோங் நகராண்மைக் கழகம் வந்தது. தொழிற்சாலைகள் நிரம்பின, வீடுகள் எழுந்தன, எண்பதுகளில் ஆயர் ராஜா விரைவுச்சாலை வந்தது. தீவின் மேற்கு முனையில் வேலையைக் குவித்துவிட்டு ஆட்களைத் தீவு முழுக்கப் பரப்பி வைத்தால் காலையும் மாலையும் சாலை என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை.

நகர மையத்தில் வேறு பிரச்சினை. அங்கே 1975 ஜூன் 2ஆம் தேதி வட்டார உரிமக் கட்டண முறையைத் தொடங்கினார்கள். காலை நெரிசல் நேரத்தில் மையப் பகுதிக்குள் நுழைய வேண்டுமானால் காரின் முன்கண்ணாடியில் ஒரு காகித உரிமம் ஒட்டியிருக்க வேண்டும். நுழைவாயில் வளைவுகளில், முறை இப்போது நடப்பில் இருக்கிறது என்று தெரிவிக்கும் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் காசு, அணைந்தால் இலவசம். உலகமே வந்து பார்த்த ஏற்பாடு இது. விலை போட்டு நெரிசலைக் குறைக்கலாம் என்று முதலில் செய்து காட்டிய நகரம் என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் வரும். எனக்கு அந்த விளக்குதான் முக்கியமாகப் படுகிறது. ஓட்டுநரிடம் சாலை தன் அந்த நேரத்து நிலையைச் சொல்ல ஆரம்பித்த இடம் அது. ஆனால் அன்றைக்கும் உரிமம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தவை மனிதக் கண்கள். வளைவுக்கருகே சாவடியில் ஆட்கள் உட்கார்ந்து எண்களைக் குறித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு மனிதக் கண்கள் ஒவ்வொன்றாக விலகின. 1988இல் சாலைச் சந்திப்பு விளக்குகளை வண்டிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒன்றோடொன்று இணைக்கும் கிளைட் முறை வந்தது. 1998இல் காகித உரிமம் போய் மின்னியல் சாலைக் கட்டணம் வந்தது. அதே ஆண்டுதான் மத்திய விரைவுச்சாலையில் ஈமாஸும் வந்தது. விரைவுச்சாலையைக் கண்காணித்துத் தகவல் சொல்லும் அமைப்பு என்பதன் சுருக்கப் பெயர். பின்னர் படிப்படியாக எல்லா விரைவுச்சாலைகளுக்கும் பரவியது. கேமரா ஓட்டத்தைப் பார்க்கும், வேகம் விழுந்தால் எச்சரிக்கும், கட்டுப்பாட்டு நிலையத்தில் இருப்பவர்கள் சரிபார்த்துப் பலகையில் செய்தி போடுவார்கள். வழியில் நின்றுபோன வண்டியை இலவசமாக இழுத்துக்கொண்டு போய் அருகிலுள்ள கார்நிறுத்தத்தில் விடும் வாகனமும் அந்த அமைப்பின் பகுதி. டாக்சிகளில் இருந்த இடங்காட்டிக் கருவிகளைக் கொண்டே மற்றச் சாலைகளின் வேகத்தையும் கணக்கிட்டார்கள். நீங்கள் மீட்டரைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் டாக்சி நகரத்துக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது நிலப் போக்குவரத்து ஆணையம் இந்தத் தரவுகளை, சாலைப் பணி நடக்கும் இடங்கள் உட்பட, பொதுவில் திறந்து வைத்திருக்கிறது. கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தால் நீங்களே எடுத்துப் பார்க்கலாம். 2023 நவம்பரிலிருந்து வண்டிகளுக்குள்ளேயே பொருத்தப்படும் புதிய கருவியும் சாலைத் தகவல் சொல்கிறது. ஆக, பலகை வானத்திலிருந்து இறங்கி ஓட்டுநரின் மடிக்கே வந்துவிட்டது.

சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமான வேலைதான். ஆனால் அந்த எண் என்ன சொல்கிறது, என்ன சொல்லாது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பலகையில் பன்னிரண்டு நிமிடம் என்று எரிந்தால் உங்களுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்று அர்த்தமில்லை. இந்தக் கணத்தில் சாலையின் ஒவ்வொரு துண்டிலும் இருக்கும் வேகத்தைக் கூட்டினால் பன்னிரண்டு வருகிறது, அவ்வளவுதான். நீங்கள் அந்தத் துண்டுக்குப் போய்ச் சேரும்போது அது வேறு சாலை. சாதாரண நாளில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. சாலைப் பணி நடக்கும் இடத்தில்தான் உறைக்கும். ஐந்து தடத்தை நான்காக்கினால் நெரிசல் அடைப்புக்குள் நிற்காது, பின்னோக்கி வளரும். வால் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பாலம் பழுதுபார்க்கும்போதும் சந்திப்புகளை இடித்துக் கட்டும்போதும், தூக்கி வைத்து எடுக்கக்கூடிய உணர்கருவிகளையும் பலகைகளையும் அடைப்புக்குப் பல மைல் முன்னாலேயே நிறுத்திப் பார்த்தார்கள். வால் எங்கே இருக்கிறது என்று சொல்லத்தான். வேகமாக வருகிற லாரி அந்த வாலில் மோதுவதுதான் சாலைப் பணி இடத்தில் மிகக் கொடுமையான விபத்து.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1991இல் மோஷே பென் அகிவா, ஆந்த்ரே டி பால்மா, இசாம் கைசி மூவரும் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் பிரபலம். தகவல் சொன்னாலே நல்லது நடக்கும் என்ற நம்பிக்கையை அவர்கள் கொஞ்சம் கலைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே தகவல் போனால் எல்லோரும் ஒரே மாற்றுவழியில் போய் விழுவார்கள், நெரிசல் இடம் மாறும், குறையாது. ஜூரோங்கில் இதை வரைபடம் இல்லாமலே புரிந்துகொள்ளலாம். ஆயர் ராஜாவில் அடைத்துக்கொண்டால் தீவு விரைவுச்சாலைக்குத் தாவ வேண்டும். தாவுவதற்கு ஜூரோங் டவுன் ஹால் சாலை ஒரு வழி, கிளமெண்டி அவென்யூ 6 இன்னொரு வழி. ஜூரோங் வட்டார ரயில் பாதை 24 நிலையங்கள், ஏறக்குறைய 24 கிலோமீட்டர், முழுக்க முழுக்க மேம்பாலத்தில் வருகிறது. அதற்கான தூண்கள் ஜூரோங் டவுன் ஹால் சாலைப் பக்கமும் எழுகின்றன. 2023 ஜனவரியில் கட்டுமானம் அதிகாரபூர்வமாகத் தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கச் சாலைகள் மாதாமாதம் வளைந்து நெளிந்து தடம் மாறிக்கொண்டிருக்கின்றன. தப்பிக்கும் வழியே கட்டுமான இடமாக இருக்கும்போது பலகை உங்களுக்கு என்ன சொல்லிவிட முடியும்?

*

இந்த ஊரில் கட்டுமானமும் சாலையும் தகவலும் நேருக்கு நேர் மோதிய நாள் 2004 ஏப்ரல் 20.

அன்றைக்குப் பிற்பகல் மூன்றரை மணி வாக்கில் நிக்கல் நெடுஞ்சாலையின் சுமார் 100 மீட்டர் நீளம் சரிந்து விழுந்தது. பக்கத்தில் வட்ட ரயில் பாதைக்காகத் தோண்டிய பள்ளத்தின் தடுப்பு அமைப்பு நொறுங்கியதால் வந்தது. நான்கு பேர் இறந்தார்கள். நால்வரும் கட்டுமான இடத்தில் வேலை செய்தவர்கள். ஒருவர் பாரந்தூக்கி இயக்கிய தமிழர். தன் கீழ் வேலை செய்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தான் மாட்டிக்கொண்ட மேற்பார்வையாளர் இன்னொருவர். சாலையில் போன வாகன ஓட்டிகள் யாரும் சாகவில்லை.

விசாரணைக் குழு என்ன சொன்னது என்பதுதான் நான் திரும்பத் திரும்பப் படித்த பகுதி. வடிவமைப்பில் பிழை இருந்தது, சரி. அதோடு, பள்ளத்துக்குள் அளவுகருவிகள் இருந்தன. சுவர் எவ்வளவு நகர்கிறது என்று அவை மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தன. எண்கள் எச்சரிக்கை அளவைத் தாண்டியபோது அளவைத்தான் மாற்றினார்கள். அன்று காலையிலேயே எஃகு முறுகும் சத்தத்தை வேலையாட்கள் கேட்டிருந்தார்கள். நிகழ்நேரத் தகவலுக்கு அன்று பஞ்சமே இல்லை. வேலையை நிறுத்தி எல்லோரும் வெளியே வாருங்கள் என்று சொல்லும் அதிகாரம் இருந்தவர்கள் உரிய நேரத்தில் அதைச் சொல்லவில்லை. காதால் கேட்டவர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை.

சாலை அந்த ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி மறுபடி திறந்தது. ஏழு மாதத்துக்கு மேல் ஓட்டுநர்கள் சுற்றிப் போனார்கள், பழகிக்கொண்டார்கள். ஓட்டுநர்கள் பழகிக்கொள்வார்கள் என்பதற்கு இன்னொரு சாட்சி, 2013 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை திறந்த மரினா கரையோர விரைவுச்சாலை. அறிவிப்புகளும் வரைபடங்களும் முன்கூட்டியே வந்திருந்தன. திங்கள் காலை ஜூரோங் பக்கமிருந்து ஆயர் ராஜாவில் நகரத்துக்குப் போனவர்கள் புதிய சுரங்கத்தில் எந்த வாயிலில் வெளியேறுவது என்று தெரியாமல் மாட்டிக்கொண்டார்கள். பெரிய நெரிசல், பெரிய கோபம். பிறகு கூடுதல் பலகைகள் வைத்தார்கள், விளக்கு நேரங்களை மாற்றினார்கள், சரியானது. தகவலை ஒருமுறை சொன்னால் போதாது, சாலையில் அந்த நொடியில் சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

எதிர்த் திசையில் ஒரு உதாரணம். 2011 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸில் 405 நெடுஞ்சாலையின் பத்து மைலை ஒரு வாரக் கடைசி முழுக்க மூடினார்கள், பாலம் இடிக்க. ஊரே நின்றுவிடும் என்று வாரக்கணக்கில் முரசறைந்தார்கள். கடைசியில் நெரிசலே இல்லை. ஜனங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். தகவல் வேலை செய்தது, சந்தேகமில்லை. ஆனால் அது சனி ஞாயிறு. வீட்டில் இருக்க முடிந்தவர்கள் வீட்டில் இருந்தார்கள்.

*

போக்குவரத்துப் பொறியியலில் ஒரு கருத்து உண்டு. தாமதத்தைவிட மோசமானது, தாமதம் வருமா வராதா என்று தெரியாமல் இருப்பது. நான்கு நாள் இருபது நிமிடத்தில் போகும் சாலை ஐந்தாவது நாள் ஐம்பது நிமிடம் எடுக்கும் என்று வையுங்கள். எந்த நாள் ஐந்தாவது நாள் என்று தெரியாவிட்டால் ஐந்து நாளும் அரை மணி நேரம் முன்னாலேயே கிளம்ப வேண்டும். இப்படிப் பாதுகாப்புக்காக ஒதுக்கி வைக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் நிகழ்நேரத் தகவலின் மிகப் பெரிய லாபம். பலகை சாலையைக் காலியாக்குவதில்லை. உங்கள் தூக்கத்தில் பத்து நிமிடத்தைத் திருப்பிக் கொடுக்கிறது.

எப்போது கிளம்புவது என்று முடிவெடுப்பவர் நீங்களாக இருந்தால்.

லாரியின் பின்புறத்தில் உட்கார்ந்திருப்பவர் அந்த முடிவை எடுப்பதில்லை. ஒரே லாரி மூன்று விடுதியில் ஆள் ஏற்றும், நான்கு இடத்தில் இறக்கும். கடைசி இடத்துக்குப் பிந்திவிடக் கூடாது என்று முதல் ஆளை முன்கூட்டியே ஏற்றுவார்கள். சாலையின் நிச்சயமின்மை முழுவதும் அந்த முதல் ஆளின் தூக்கத்திலிருந்து கழிக்கப்படுகிறது. பலகை எவ்வளவு துல்லியமானாலும் அஞ்சே கால் அஞ்சே காலாகவே இருக்கும். நிறுவனத்துக்கு அந்த நேரத்துக்குச் செலவு இல்லை. சம்பளம் எட்டு மணிக்குத்தான் ஆரம்பிக்கிறது. தாமதத்தின் விலையைக் கணக்கிடும் ஆய்வுகளில் ஓட்டுநரின் நேரத்துக்கு விலை உண்டு, சரக்குக்கும் விலை உண்டு. சைட்டுக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்திருக்கும் நேரம் தாமதம் என்ற கணக்கிலேயே வராது. அவர் முன்னாலேயே வந்துவிட்டவர் அல்லவா.

2021 ஏப்ரல் 20ஆம் தேதி காலை, விடிவதற்கு முன், தீவு விரைவுச்சாலையில் ஊழியர்களை ஏற்றி வந்த லாரி ஒன்று சாலையோரம் நின்றிருந்த டிப்பர் லாரியில் மோதியது. இரண்டு பேர் இறந்தார்கள், பலருக்குக் காயம். நிக்கல் நெடுஞ்சாலை விழுந்த அதே தேதி என்பது வெறும் தற்செயல்தான், இருந்தாலும் குறித்து வைத்துக்கொண்டேன். லாரியில் ஆள் ஏற்றுவதை நிறுத்தச் சொல்லும் கோரிக்கை மறுபடி எழுந்தது. 2023இலும் எழுந்தது. அப்போது அரசும் தொழில் அமைப்புகளும் சொன்ன காரணங்களில் செலவு ஒன்று. வீடுகளும் ரயில் பாதைகளும் கட்டி முடிக்கத் தாமதமாகும் என்பது இன்னொன்று. அந்தச் சொல்லை அங்கே பார்த்தபோது கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூரையும் உயரமான கம்பித் தடுப்பும் வேண்டும் என்ற விதிகள் வந்திருக்கின்றன, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் வருகிறது. பேருந்து வைத்துக்கொண்ட நிறுவனங்களும் உண்டு. லாரிகள் இன்னும் ஓடுகின்றன.

2020 ஏப்ரலில் மட்டும் ஓடவில்லை. ஜூரோங் ஈஸ்ட்டில் தோ குவான் விடுதியை ஏப்ரல் 5ஆம் தேதி மூடித் தனிமைப்படுத்தினார்கள். இரண்டு நாளில் ஊர் முழுக்க அடங்கியது. அந்த வாரங்களில் விரைவுச்சாலை எப்படி இருந்தது என்று நினைவிருப்பவர்களுக்குத் தெரியும், பலகைக்குச் சொல்ல எதுவுமே இல்லை. சாலையைக் கட்டுபவர்களை உள்ளே வைத்துப் பூட்டியதும் சாலைப் பணியும் நின்றது, அதனால் வரும் நெரிசலும் நின்றது.

ஒரு சின்ன விஷயம், மொழி பற்றியது. இந்த ஊரில் நான்கு ஆட்சிமொழி. விரைவுச்சாலையின் மின்பலகை ஆங்கிலத்தில் மட்டும் பேசும். பாதுகாப்பு கருதி அது சரியாகவே இருக்கலாம்; மணிக்கு எண்பது கிலோமீட்டரில் போகிறவர் நான்கு மொழி படித்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அதே சாலையில் அடைப்புக்குப் பக்கத்தில், பள்ளத்தின் தகரத் தடுப்பில் இருக்கும் பலகையைப் பாருங்கள். அங்கே தமிழ் இருக்கும். அபாயம் என்று.

ரயில் பாதை வேலை நடக்கும் இடத்தில் அந்த மனிதரை அடுத்த வாரமும் பார்த்தேன். கைபேசியில் சாலைத் தகவல் பார்ப்பீர்களா என்று கேட்டேன். எதுக்கு என்றார். அதுவும் சரிதான். பிறகு அவராகவே, எங்களுக்கும் ஒன்று இருக்கிறது என்று வாட்ஸ்அப்பைத் திறந்து ஒரு குரல்பதிவைப் போட்டுக் காட்டினார். லாரி ஓட்டுநர், தஞ்சாவூர்க்காரர், முதல் விடுதியிலிருந்து குழுவுக்கு அனுப்பியது. காலை 5.02 என்று பதிவாகியிருந்தது. பின்னணியில் இன்ஜின் சத்தம்.

“பி.ஐ.ஈ.ல ரோடு வேலைப்பா, ஒரு லேனு அடச்சிருக்கான். நான் வர அஞ்சு நாப்பது ஆயிரும். படுத்திருக்கவன எழுப்பாதீங்க.”